மரத்துப்போக ஒரு மணி நேரம்

காலை ஐந்தரை. இட்லிச் சட்டியின் மூடியை ஆவி தட்டுகிறது. மகள் தூங்குகிறாள். ஒரு கால் போர்வைக்கு வெளியே.

அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிளாஸ்திரி இல்லை. ஊசிக் குழாய் இல்லை. கொலுசு அழுந்திய தடம் மட்டும்.

*

குரோம்பேட்டையில் ரயில். கதவோரம் நிற்க இடம் கிடைக்கிறது. கிண்டி தாண்டியதும் அடையாற்றுப் பாலம். சக்கரங்களின் சத்தம் கனமாகி, பாலம் முடிந்ததும் லேசாகிறது.

மகளுக்குத் தலை வாரிவிட்டேனா, நினைவில்லை. அத்தை வாரியிருப்பார்.

எழும்பூர்.

*

வார்டில் கிருமிநாசினி வாசம் முதலில். பிறகு கஞ்சி வாசம். பிறகு பிள்ளைகள்.

அவர்களுக்கு நான் பொம்மை அக்கா. ஊசி போடுவது என் வேலை இல்லை. ஊசி எப்படி வரும் என்பதைத் துணிப் பொம்மையின் கையில் முன்னதாகவே காட்டுவது என் வேலை. வலிக்கும் என்றால், வலிக்கும் என்றே சொல்கிறேன்.

பெயர்களை இந்த நோட்டில் எழுதுவதில்லை.

*

இன்று முதுகு ஊசி. ஆறு வயது. ரத்தப் புற்று.

கீழ்முதுகில் வெள்ளைக் களிம்பைப் பூசி, மேலே கண்ணாடித் தாள் போன்ற ஒன்றை ஒட்டுகிறார் செவிலியர். தோல் மரத்துப்போக 1 மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது.

மரவட்டை விளையாட்டு. தொட்டால் சுருள வேண்டும். முழங்கால் நெஞ்சோடு, தாடை உள்ளே, முதுகு வில்லாக. முதலில் பொம்மை சுருள்கிறது. பிறகு நான். பிறகு அவன். மூன்று மரவட்டைகள் ஒரு கட்டிலில்.

சோப்புக் குமிழி ஊதுகிறோம். பெரிதாக வர, மூச்சை மெதுவாக விட வேண்டும். அவன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு குமிழி மின்விசிறிக்குப் போகாமல் திரைச்சீலையோரம் தங்குகிறது. இருவரும் பேசாமல் பார்க்கிறோம்.

அவன் அம்மா அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கடிகாரத்தை நான் பார்ப்பதில்லை. போனைத் தொடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு முழுசாக ஒரு மணி நேரம்.

வீட்டில் இப்படி ஒரு மணி நேரம் எப்போது.

எண்ணம் வருகிறது. இருக்கிறது. தள்ளுவண்டிச் சத்தம் கேட்கிறது.

*

சுவரில் ஆறு முகங்கள். சிரிப்பு 0. கண்ணீர் 10. வலி எந்த முகம் என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டும்.

1980களில் அமெரிக்காவில் டோனா வாங் என்ற செவிலியரும் கோனி பேக்கரும், பிள்ளைகளையே முகங்கள் வரையச் சொல்லி இதை உண்டாக்கினார்கள். பேக்கர் பார்த்தது என்னுடைய வேலைதான்.

கடைசி முகத்தைத் தொட அழுதிருக்க வேண்டியதில்லை. அப்படித்தான் பிள்ளைகளிடம் சொல்லித்தர வேண்டும்.

அவன் நான்காவது முகத்தைத் தொடுகிறான். 6.

*

இங்கிலாந்தில் ஒரு காலத்தில், பார்வை நேரம் முடிந்தால் பெற்றோரை வெளியே அனுப்பினார்கள். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரியில் தனியாக இருப்பதை 1952-ல் ஜேம்ஸ் ராபர்ட்சன் படம் எடுத்தார். 1959-ல் பிளாட் குழு, பெற்றோரை எந்நேரமும் விடுங்கள் என்று எழுதியது.

இங்கே அம்மாக்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருக்கிறார்கள். அவர்களுடைய மற்றப் பிள்ளைகள் ஊரில். கள்ளக்குறிச்சியில், செய்யாறில், பாட்டிகளிடம்.

நாலு மணி. வராந்தாவில் ஒருவர் போனில் கேட்கிறார்: "சாப்ட்டியா சாமி?"

பக்கத்துத் தூணில் சாய்ந்து நானும் அதையே கேட்கிறேன்.

*

ஸ்டீராய்டு பசியைக் கிளப்புகிறது. ஒரு குட்டிப்பெண் நள்ளிரவில் உருளைக்கிழங்கு கேட்டு அழுதாளாம். கன்னம் உப்பியிருக்கிறது.

மகளின் டிபன் பாக்ஸ் நேற்று பாதி மிச்சத்தோடு வந்தது.

*

வாரம் ஒருமுறை நிறமில்லாத மருந்து. வின்கிரிஸ்டின். 1 மில்லி குப்பிக்குள் 1 மில்லிகிராம். ரத்தக்குழாயில் மட்டும்தான் ஏற்றலாம். தண்டுவட நீரில் கலந்தால் உயிர் போகும். முதுகு ஊசித் தட்டின் பக்கத்தில் அதைக் கொண்டுவருவதில்லை.

நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1963-ல். இன்றும் அதுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியில் பயிராகிறது.

எங்கள் மொட்டை மாடியிலும் ஒரு தொட்டி. சுடுகாட்டுப் பூவை வீட்டில் வைப்பதா என்றார் அத்தை. எதற்கான மருந்து என்று சொன்னேன். இப்போது அவரே தண்ணீர் விடுகிறார்.

ஐந்து இதழ். வாசமில்லை. வெயிலுக்கு வாடுவதில்லை.

இந்த மருந்து பாத நரம்புகளைத் தளர்த்தும். குதிகாலால் நடக்கச் சொல்லிப் பார்க்கிறார் மருத்துவர். வீட்டில் மகள் மாடிப்படியில் ஓடி இறங்குகிறாள். என் கண் அவள் குதிகாலில்.

*

மூலைக் கட்டில் காலி. விரிப்பு மாற்றியிருக்கிறது. நுனி மடித்துச் செருகியிருக்கிறது.

எதிர்க் கட்டில் சிறுமி, எட்டு வயது, கேட்கிறாள். அவள் அம்மாவைப் பார்க்கிறேன். அம்மா தலையசைக்கிறார்.

தூங்குகிறான் என்று சொல்லக் கூடாது. அப்புறம் தூங்கப் பயப்படுவார்கள். ஊருக்குப் போனான் என்று சொல்லக் கூடாது. காத்திருப்பார்கள்.

"செத்துப்போய்ட்டான்" என்கிறேன். குரல் நடுங்காமல் வருகிறது.

அவள் கொஞ்ச நேரம் மூலையைப் பார்க்கிறாள். பொம்மையைக் கேட்கிறாள். கொடுக்கிறேன்.

*

திரும்பும் ரயிலில் கூட்டம். யாருடைய முழங்கையோ என் விலாவில். நகர்ந்துகொள்ளவில்லை.

*

"இன்னிக்கு எல்லாரும் நல்லா இருந்தாங்களாம்மா?"

மகள் சாக்ஸைக் கழற்றியபடி கேட்கிறாள்.

"ம்."

பகலில் ஒரு பிள்ளையிடம் உண்மை சொன்ன அதே வாய்.

*

முழங்காலில் சிராய்ப்பு. பள்ளி மைதானத்தில் விழுந்தாளாம். மஞ்சள் குழைக்கிறேன்.

"எந்த முகம்?"

வாய் தன்னால் கேட்டுவிடுகிறது. அவளுக்கு அந்த ஆறும் தெரியும்.

"அது ஆஸ்பத்திரிக்கும்மா. இங்க வேணாம்."

சரி.

மஞ்சள் காய்கிறது. 2 என்றோ 4 என்றோ மனசு எண் போடப் பார்க்கிறது. சிறிய காயம் என்று சொல்ல வருகிறது நாக்கு. சொல்லவில்லை. அவளுக்கு எரிகிறது. ஊதுகிறேன்.

மெதுவாக, பெரிய குமிழிக்கு ஊதுவதுபோல.

*

விளக்கணைத்தாயிற்று. அவள் கால் என் மேல் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நிற்கிறது.

தண்ணீர் சொட்டும் சத்தம்.

மூலைக் கட்டில் வருகிறது. மடித்த நுனி. போகிறது. மறுபடி வருகிறது.

அவள் மூச்சு ஒரே சீராகிவிட்டது. எழுந்திருக்கலாம். பாத்திரம் கிடக்கிறது.

எழுந்திருக்கவில்லை.

*

காலையில் மரவட்டையாகச் சுருண்டவனுக்கு இது மூன்றாம் மாதம். மொத்த மருந்தும் முடிய 2 வருடத்துக்கு மேல் ஆகும். அப்போது அவனுக்கு எட்டு வயது. மகளுக்கு ஒன்பது.