எல்லா மரத்துக்கும் ஒரே வெட்டு இல்லை



பாஸ்கா காலத்தின் ஐந்தாம் ஞாயிறாகிய இன்று, யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடி என்கிறார், நம்மைக் கிளைகள் என்கிறார், தம் தந்தையைத் தோட்டக்காரர் என்கிறார். அந்தத் தோட்டக்காரர் கையில் கத்தி இருக்கிறது. காய்க்காத கிளையை வெட்டி எறிகிறார். அது நமக்குப் புரிகிறது. காய்க்கிற கிளையையும் விடாமல் கழிக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. “ஞாயிறு பூசை தவறியதில்லை, ஜெபமாலை சொல்லாமல் படுத்ததில்லை. எனக்கு ஏன் சாமி இப்படி?” என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது வகைக் கிளைகள்.

பதில் தேடும் முன், கவாத்து செய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஆண்டவர் சொன்ன திராட்சை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை நாம் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். 1832இல் தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு குரு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தோட்டங்களில் அறுவடை முடிந்து கொடி கொஞ்சம் ஓய்ந்ததும் கவாத்து நடக்கும். காலையில் பச்சைப் பந்தலாக இருந்தது சாயங்காலம் வெறும் குச்சியும் கம்பியுமாக நிற்கும். முதிர்ந்த குச்சியில் நான்கைந்து மொட்டுகளை விட்டுவிட்டு மீதியை நறுக்கிவிடுவார்கள். வெட்டுவாயில் நீர் சொட்டும். பழக்கமில்லாதவருக்குப் பார்த்தாலே பதறும். ஆனால் அந்த மொட்டு உடைந்து வருகிற புதுத் தளிரில்தான் குலை பிடிக்கும் என்று விவசாயிக்குத் தெரியும். வெட்டாமல் விட்டால் பந்தல் முழுக்க இலை படரும், குலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெட்டினால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம்.

சரி, அதே கையோடு வீட்டு மாமரத்திலும் ஏறி அப்படியே நறுக்கலாமா? கூடாது. மாமரம் முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் அந்த நுனியை வெட்டினால் அந்த வருஷத்துக் காயை வெட்டியதாகிவிடும். காய் பறித்து முடிந்த ஆடி, ஆவணியில்தான் அதில் கை வைக்க வேண்டும். அதுவும் பட்ட கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்ளே வெயில் நுழைய விடாமல் அடைக்கிற கிளை, இவ்வளவுதான்.

கொய்யா வேறு மாதிரி. புதுத் தளிரில் காய்க்கிற மரம் என்பதால் அறுவடைக்குப் பிறகு நுனியை வெட்டிவிட்டால் பக்கத்திலெல்லாம் துளிர்த்துக் காய்க்கும். நெட்டையாக மேலே போகிற கொய்யாக் கிளையை வெட்டாமலே வழிக்குக் கொண்டுவரலாம். மெதுவாக வளைத்து, தரையில் முளையடித்துக் கட்டிவிடுவார்கள். வளைந்த கிளையில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துத் துளிர்க்கும். பலா, அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்க்கிற மரம். அதன் நுனியை வெட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. எலுமிச்சையில் அடியிலிருந்து நெட்டுக்குத்தாக ஒரு போத்து கிளம்பும். நல்ல பச்சை, நல்ல முள், அசுர வளர்ச்சி. நீர்ப்போத்து என்பார்கள். சத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், காய் தராது. அதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். தென்னைக்கோ உச்சியில் ஒரே ஒரு குருத்து. அதில் கத்தி பட்டால் மரமே போய்விடும்.

ஆக, கவாத்து தெரிந்தவர் கத்தியை எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறார்: இந்த மரம் எங்கே காய்க்கும்? அது தெரியாதவன் கையில் கத்தி இருந்தால் அது வெறும் வெட்டு.

அன்புக்குரியவர்களே, இன்றைய நற்செய்தி தருகிற முதல் ஆறுதல் இதில்தான் இருக்கிறது. நம்மைக் கழிக்கிறவர் யார் என்று இயேசு பெயர் சொல்லிக் காட்டுகிறார்: என் தந்தை. நாம் எங்கே காய்ப்போம் என்று நம்மைப் படைத்தவருக்குத் தெரியும். எந்த மாதத்தில் கை வைக்கலாம், எந்த மாதத்தில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும். உங்களைக் கொய்யாவாகப் படைத்தவர் உங்களிடம் பலாவைக் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிய இடத்தில் உங்களை வெட்டமாட்டார். சிலரை வெட்டாமல் வளைத்தே பலன் காண்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்குப் போகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருக்கிறாள். “கடவுள் உன்னைக் கழித்துவிடுகிறார் அம்மா, இன்னும் அதிகமாகக் கனி தருவாய்” என்று நல்ல எண்ணத்தோடு சொல்லிவிட்டு வருகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, அந்தப் பக்கத்து மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதைக் கவாத்து என்று எந்த விவசாயியும் சொல்லவில்லை. புயல் வேறு, கவாத்து வேறு. புயலுக்கு மறுநாள் விவசாயி என்ன செய்வார்? முறிந்த கிளையை ஒழுங்காக நறுக்குவார், காயத்துக்குப் போர்டோ பசை தடவுவார், சாய்ந்த கன்றை நிமிர்த்தி மண் அணைப்பார். துக்க வீட்டில் தந்தையாகிய கடவுள் செய்வதும் அதுவே. அவர் அங்கே இருக்கிறார், ஆற்றுகிறவராக இருக்கிறார். நாமும் அந்தத் தாயின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்படியானால் தந்தையின் கத்தி எது? தாம் சொன்ன வார்த்தையால் சீடர்கள் ஏற்கெனவே தூய்மையாகிவிட்டார்கள் என்று ஆண்டவரே இந்தப் பகுதியில் சொல்கிறார். கழிக்கிற கத்தி அவருடைய வார்த்தைதான். அது முதலில் தேடி வருவது நம்முடைய நீர்ப்போத்துகளை. பார்க்கப் பச்சையாக, வேகமாக வளர்கிறவை, காய்ப்பதில்லை. திருவிழா நோட்டீசில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்கிற போட்டி ஒரு நீர்ப்போத்து. பிள்ளை பேச வரும்போதும் கையை விட்டு இறங்காத செல்போன் ஒரு நீர்ப்போத்து. பத்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பங்காளிப் பகையும் அப்படித்தான். நம் சத்து எவ்வளவு அங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். நற்செய்தியை வாசிக்கும்போது எந்த வரி உங்களைச் சுருக்கென்று தைக்கிறதோ, அங்கே கத்தி பட்டிருக்கிறது. புத்தகத்தை மூடிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் கையில் இருக்கிற கத்தி. பெற்றோருக்கு ஒரு கத்தி, ஆசிரியருக்கு ஒன்று, அன்பியப் பொறுப்பாளருக்கு ஒன்று, பங்குச் சாமிக்கும் ஒன்று. மூத்தவளிடம் பலித்த கண்டிப்பு இளையவனிடம் பலிக்கவில்லையே என்று சில பெற்றோர் குறைப்படுகிறார்கள். மூத்தவள் கொய்யா, இளையவன் மா என்றால் எப்படிப் பலிக்கும்? ஒருத்தியை வளைக்க வேண்டும், ஒருவனுக்குப் பருவம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மனம் ஒடிந்து, ஒரே ஒரு குருத்தோடு நிற்கிற பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் வார்த்தையை எண்ணிப் பேசுங்கள். பெரிய கிளையை அறுக்கத் தெரிந்தவர்கள் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகுதான் மேலிருந்து அறுப்பார்கள்; இல்லாவிட்டால் கிளை விழும்போது தாய்மரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கோபத்தில் ஓங்குகிற மொட்டை அரிவாளுக்கு இந்த நிதானம் கிடையாது.

இன்றைய முதல் வாசகத்தில் இதைச் சரியாகச் செய்த ஒருவரைப் பார்க்கிறோம். முன்பு சீடர்களைத் துன்புறுத்திய சவுல் எருசலேமுக்கு வருகிறார். சீடர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள். அவரைப் பொறுத்தவரை அவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள்: பட்ட கிளை, வெட்டி எறிய வேண்டியது. தோட்டத்தில் ஒரு கிளை பட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால், வெட்டும் முன் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பர்னபா செய்தது அதுதான். சவுலின் பழைய கதையைச் சுரண்டி உள்ளே பார்த்தார். வழியில் ஆண்டவரைக் கண்டவர், தமஸ்குவில் துணிந்து அறிவித்தவர் என்று கண்டுகொண்டார். கையைப் பிடித்துத் திருத்தூதர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். அன்று பர்னபா குறுக்கே வராதிருந்தால் அந்தச் சபை யாரைக் கழித்துவிட்டிருக்கும்!

நம் பங்கிலும் அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. குடித்துத் திரிந்தவன் என்று ஒருவன், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் என்று ஒருத்தி. கோவிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பூசை பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாராவது பட்டையைச் சுரண்டிப் பார்த்தோமா?

கடைசியாக, தங்களைத் தாங்களே வெட்டிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்போதோ செய்த பாவத்தை, பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்ற பிறகும், மறுபடி மறுபடி எடுத்துக் கிழித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் இதயம் நம்மைக் குற்றவாளி என்று சொன்னாலும் கடவுள் நம் இதயத்தைவிடப் பெரியவர் என்று இரண்டாம் வாசகத்தில் யோவான் தேற்றுகிறார். அளவுக்கு மீறி வெட்டிய மாமரம் அந்த வருஷம் காய்ப்பதில்லை, இலையை மட்டும் தள்ளும். மன்னித்தபின் தோட்டக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீங்களும் வையுங்கள்.

இந்த வாரம் யோவான் 15ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். வாசித்தபின் ஒவ்வொருவரும் தன்னுடைய ஒரு நீர்ப்போத்தை மட்டும் அடையாளம் காணட்டும். அடுத்தவருடையதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், அது அவருக்கே தெரியும். பிறகு அந்தக் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிறவரை அடுத்த ஞாயிறு நீங்களே போய்க் கூப்பிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம்மை இன்னார் என்று அறிந்தே கழிக்கிற தந்தையின் பிள்ளைகள் நாம் என்று அவர் அதில் தெரிந்துகொள்வார். ஆமென்.