வெளியார் கொண்டுவரும் சீர்திருத்தம்

எம்மவரிடையே இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும் நாட்களில், இலங்கை அரசு தானாகத் திருந்தாது, உலக நாடுகள்தான் அதைத் திருத்த வேண்டும் என்கிறோம். அதே வாயால், எங்கள் கோயில் வழமைகளில் வெளியார் எவரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்கிறோம். அந்த வெளியார் சில வேளைகளில் இந்த மண்ணில் பிறந்த எங்கள் பிள்ளைகளாகவே இருந்துவிடுகிறார்கள். முதல் தராசை எடுக்கும்போது நாங்கள் சீர்திருத்தவாதிகள். இரண்டாவதை எடுக்கும்போது பழைமை பேணுவோர். ஒருவருக்குள் இரண்டும் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த நியாயத்தின்படி இங்கே ஒன்றும் அங்கே மற்றதும் என்று ஒரு பிள்ளை கேட்டால், "உனக்கு உது விளங்காது" என்பதற்கு மேல் ஏதாவது சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா?

பலெர்மோவில் வாழும் தமிழருக்கென்றே செய்துவைத்தது போல, இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஒரு மனிதரின் வரலாறு உண்டு. வில்லியம் பெண்டிங் பிரபு என்றால், 1829இல் உடன்கட்டை ஏறும் வழக்கத்தைத் தடை செய்தவர் என்று பாடசாலையில் படித்தோம். அதற்கு முன் அவர் சென்னையிலும், பிறகு நாங்கள் இன்று நடந்து திரியும் இதே நகரத்திலும் அதிகாரம் செலுத்தினார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

1803இல் முப்பது வயது நிரம்புமுன் சென்னை ஆளுநராக வந்தார். அவர் காலத்தில் படைத்தளபதியாக இருந்தவர் சர் ஜோன் கிரடொக். சிப்பாய்கள் எல்லோரும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இராணுவத் தலைமையகம் விரும்பியது. அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயக் குறிகள் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று விதிகள் வந்தன. அந்தத் தலைப்பாகையில் தோலாற் செய்த அணி ஒன்று இருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே எழுந்தது. திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டாத மனிதனுக்கு இப்படியொரு கட்டளை எப்படி இருந்திருக்கும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தச் சிப்பாய்கள் எடுத்தவுடனே துப்பாக்கியைத் தூக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1806 மே மாதத்தில் தலைப்பாகையை அணிய மறுத்து நின்றார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி விதிக்கப்பட்டது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஒரு சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரிக்கு முன்கூட்டியே சொன்னான்; அவனைப் பைத்தியம் என்று அடைத்து வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் திகதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இரத்தம் ஓடியது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்த பிறகு இறந்த சிப்பாய்களின் தொகை அதைவிடப் பல மடங்கு. நெற்றிக் குறி பற்றிய விதி தமது கவனத்துக்கு வராமலே சேர்க்கப்பட்டது என்று பெண்டிங் பின்னர் வாதாடினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சனங்களின் நெற்றியைப் பற்றிய கட்டளை ஒன்று தன் ஆட்சியில் போனது தெரியாத ஆளுநரை என்னவென்று சொல்வது? கம்பனி 1807இல் அவரையும் கிரடொக்கையும் பதவியிலிருந்து திருப்பி அழைத்தது.

நான்கு வருடம் கழித்து, 1811இல், அதே பெண்டிங் பலெர்மோவில் வந்து இறங்கினார். நேப்பிள்ஸ் நகரத்தை நெப்போலியன் பிடித்துக்கொண்டதால் பெர்டினாண்டு அரசன் 1806 முதல் இங்கே தங்கியிருந்தான். பிரான்சிலே தலை வெட்டப்பட்ட அரசி மரீ அந்துவானெத்தின் சகோதரி மரியா கரோலினாதான் அவன் அரசி. ஆங்கிலக் கடற்படையின் காவலிலும் ஆங்கிலப் பணத்திலுமே அந்த அரசவை நடந்தது. அந்த அரசன் பாராளுமன்றத்தைக் கேட்காமல் புது வரி போட்டதை இவ்வூர்ப் பிரபுக்கள் எதிர்த்து எழுதினார்கள். அவர்களில் ஐவரை 1811 ஜூலையில் பிடித்துத் தீவுகளுக்கு அனுப்பினான். அந்த ஐவரில் ஒருவர் கஸ்தெல்நுவோவோ இளவரசர்; இன்னொருவர் பெல்மொந்தே இளவரசர். பொலித்தேயாமா அரங்குக்கு முன்னாலுள்ள சதுக்கத்தையும், தேநீர்க் கடைகள் நிறைந்த அந்த வீதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நாங்கள் தினமும் சொல்லும் பெயர்கள் அரசனுக்கு எதிராக வாய் திறந்து சிறைப்பட்டவர்களுடையவை.

பெண்டிங் மானியப் பணத்தை நிறுத்தினார், படையைக் காட்டி மிரட்டினார், ஐவரையும் விடுவித்தார். 1812இல் பலெர்மோவில் கூடிய பாராளுமன்றம் இங்கிலாந்தின் மாதிரியில் ஓர் அரசியலமைப்பை இயற்றியது. இரண்டு சபைகள் வந்தன. நிலமானிய உரிமைகள் ஒழிந்தன, அச்சுச் சுதந்திரமும் கிடைத்தது. ஆனால் நிலத்தைப் பிரபுக்கள் தமது சொந்தச் சொத்தாகவே வைத்துக்கொண்டார்கள். உழுதவனுக்கு அதிகம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. 1815இல் நெப்போலியன் வீழ்ந்தான். சிசிலியில் இங்கிலாந்துக்கு இருந்த தேவையும் அதோடு தீர்ந்தது. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, அக்கரை சேர்ந்தால் நீ யார் நான் யார் என்ற கதைதான். 1816 டிசம்பரில் அரசன் இரண்டு இராச்சியங்களையும் ஒன்றாக்கி அந்த அரசியலமைப்பை ஓசையில்லாமல் புதைத்தான். லண்டன் பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் கேட்ட பழைமைவாதி ஒருவர் "நான் சொன்னேனே" என்பார். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் வேர் பிடிக்காது, ஓர் ஊரின் வழமைகள் பல தலைமுறை அனுபவத்தால் ஆனவை, அவற்றை ஒரு கடுதாசியால் மாற்ற முயன்றால் ஒன்றில் வேலூர் நடக்கும், இல்லாவிட்டால் 1816 நடக்கும் என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்கு மூத்தவர் எட்மண்ட் பேர்க். பிரெஞ்சுப் புரட்சியை 1790இல் கண்டித்து எழுதியவர் என்று அவரைப் பிற்போக்காளர் பட்டியலில் சேர்ப்பார்கள். அதே மனிதர்தான் 1785இல் ஆற்காட்டு நவாப்பின் கடன்களைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசி, எங்கோ கடலுக்கு அப்பாலுள்ள கர்நாடகக் குடியானவன் கம்பனிக்காரரின் வட்டிக்கு இரையாவதைக் கண்டித்தார். மற்றவன் வீட்டு வழமையை மதிப்பதும் மற்றவன் வீட்டில் நடக்கும் கொள்ளையைத் தட்டிக் கேட்பதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆனால் பலெர்மோ அரசியலமைப்பின் கதை 1816இல் முடியவில்லை. 1848 ஜனவரி 12ஆம் திகதி இந்த நகரம் கிளர்ந்தெழுந்தபோது சனங்கள் கேட்டது அந்த 1812ஆம் ஆண்டு அரசியலமைப்பைத்தான். ருஜெரோ செத்திமோவின் தலைமையில் அமைந்த அரசாங்கம் அதைக் காலத்துக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே அந்த ஆட்சி அடக்கப்பட்டது வேறு கதை. ஆங்கிலேயர் கொண்டுவந்ததை முப்பத்தாறு வருடத்தின் பின் சிசிலியர் தமது பழைய உரிமை என்று கேட்டார்கள். வேலூரின் தலைப்பாகையை எந்தத் தமிழனும் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே பெண்டிங். வித்தியாசம் எங்கே? பலெர்மோவில் அவர் வருமுன்னரே உள்ளூர்க்காரர் வாய் திறந்து கேட்டிருந்தார்கள். அவர் அடைபட்ட வாய்களைத் திறந்துவிட்டார். வேலூரில் வாய் திறந்தவர்கள் கசையடி பட்டார்கள்.

பழைமை பேணுவோர் பக்கத்தில் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனை எடுத்துக்கொள்வோம். கொச்சிக்கடையில் கருங்கற் கோயில் எழுப்பியவர், பெண்பிள்ளைகளுக்குச் சைவக் கல்லூரி அமைத்தவர், எங்கள் வீடுகளில் படமாகத் தொங்குபவர். 1915இல் கலவரத்தின்பின் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களை அடைத்தபோது, சட்டநிரூபண சபையில் எழுந்து ஆளுநரைக் கண்டித்தார். போர்க்காலக் கடலைத் தாண்டி லண்டன் போய் முறையிட்டார். சட்டத்தை அரசே மீறலாகாது என்ற பழைமைவாதியின் குரல் அது. அந்தக் கலவரத்தில் கடை எரிந்து உயிரிழந்த முஸ்லிம்களின் துயரம் அவர் பேச்சில் போதிய இடம் பெறவில்லை என்பது அந்தச் சமூகத்தின் மனக்குறை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1930இல், எண்பதை நெருங்கிய வயதில், மீண்டும் லண்டன் போனார். இம்முறை டொனமூர் சீர்திருத்தத்தைத் தடுப்பதற்கு. அதுவரை நூற்றுக்கு நான்கு பேரளவில் இருந்த வாக்குரிமையை 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் கொடுப்பது அந்தத் திட்டம். எண்ணிக்கையில் பெரிய இனம் எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிடும் என்று அவர் அஞ்சினார். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டபோது அந்த அச்சம் பொய்யல்ல என்று தெரிந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் வாக்குக் கொடுப்பதையே எதிர்த்தார். நியாயமான அச்சமும் அநியாயமான இறுமாப்பும் ஒரே மனுவில் கலந்து போயின. வாய் திறக்க முடியாமல் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களைக் கேட்டு எழுதிய மனு அல்ல அது. இதை எழுதுவதால் சில பெரியவர்கள் என்னோடு கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும், படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லையே.

ஜெனிவாவுக்கு வருவோம். 1983இல் ஆடிக் கலவரம் முடிந்து இரண்டு கிழமைக்குள் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரித்துப் பேசுவதே குற்றமாகியது. சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். பேசியவர்கள் வெளியேறிய இடத்தை யார் நிரப்பினார்கள் என்பதை நாங்கள் அனுபவித்தோம். 1987இல் இந்தியா தலையிட்டுப் பதின்மூன்றாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. மாகாண சபை என்ற பெயர் வந்தது, காணியும் பொலிசும் எழுத்திலேயே நின்றன. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லாமல் கிடந்தது. இந்தியாவின் அன்றைய தேவை தீர்ந்ததும் 1816 திரும்பி வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஆகவே வெளிநாட்டவரிடம் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போகும்போது எதைக் கேட்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து உண்டு. தீர்வுத் திட்டத்தை வரைந்து தாருங்கள் என்று கேட்பதைவிட, அங்கே வாழும் எங்கள் சனம் பயமின்றிப் பேசவும் எழுதவும் காணாமற்போனவர்களுக்காகத் தெருவில் நிற்கவும் வழி செய்யுங்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்க எங்களுக்கும் தகுதி வேண்டும். 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவங்களின் கொடுமைகளோடு எங்கள் இயக்கங்களின் கொடுமைகளையும் 'முறிந்த பனை' என்ற நூலில் சேர்ந்து எழுதியவர் அவர். எங்கள் கூட்டங்களில் அவர் பெயர் எத்தனை தடவை உச்சரிக்கப்பட்டிருக்கிறது?

இனி எங்கள் சங்கத்தின் சிறிய விஷயம் ஒன்று. தமிழில் சரளமாகக் கதைக்க முடியாத இளையோர் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இத்தாலிய மொழியில் கதைக்கலாம், ஒருவர் மொழிபெயர்க்கட்டும் என்ற பிரேரணை வருகிறது. அதோடு யாப்பையும் கூட்டக் குறிப்புகளையும் இத்தாலிய மொழிக்கு மாற்ற வேண்டும் என்ற இன்னொன்றும் வருகிறது. இன்று மொழி போனால் நாளை தேவாரம் போகும் என்ற மூத்தோரின் பயம் எனக்கும் உண்டு. முதலாவதற்கு ஆதரவாகக் கை உயர்த்துவேன். இரண்டாவதை இந்த வருடம் எதிர்ப்பேன். இந்த நாட்டு அரசியலமைப்பின் 138ஆம் பிரிவு, அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் பாராளுமன்றத்தின் ஒவ்வொரு சபையும் குறைந்தது மூன்று மாத இடைவெளி விட்டு இரண்டு தடவை வாக்களிக்க வேண்டும் என்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காவிட்டால் சனங்களிடமும் போகலாம். 2016 டிசம்பரில் சனங்கள் ஒரு பெரிய திருத்தத்தை நிராகரித்ததும், 2020 செப்ரெம்பரில் பாராளுமன்ற உறுப்பினர் தொகையை 945இலிருந்து 600ஆகக் குறைக்கச் சம்மதித்ததும் அந்த வழியால்தான். எங்கள் யாப்பிலும் அப்படியொரு இடைவெளியைச் சேர்க்கும்படி நிர்வாக சபையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் தங்கள் நியாயத்தை இத்தாலிய மொழியிலேயே சொல்லி முடிக்கட்டும். அதன்பின் மூன்று மாதம் கழித்து இரண்டாவது பிரேரணைக்கு வாக்கெடுக்கலாம்.