எல்லையும் விருப்பமும்: வடவேங்கட எல்லைச் சிக்கலில் மொழித்தேசியத்தின் அறம்

முன்னுரை

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் அளித்த சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகவும் குமரியைத் தென் எல்லையாகவும் வகுத்துரைக்கின்றது. சிலப்பதிகாரமும் இவ்விரு எல்லைகளையே சுட்டுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் பாரதியாரின் செந்தமிழ் நாட்டுப் பாடலிலும் அதே எல்லை மீண்டும் இடம்பெற்றது. எனினும் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது வேங்கட மலையும் அதன் அடியிலுள்ள திருப்பதியும் சித்தூர் மாவட்டம் முழுவதும் அம்மாநிலத்தைச் சேர்ந்தன. இலக்கியம் வகுத்த எல்லைக்கும் அரசு வகுத்த எல்லைக்கும் இடையே எழுந்த இப்பிளவு வரலாற்றுச் செய்தியாக மட்டும் பார்க்கப்பட்டு வந்துள்ளது. அதனுள் ஓர் அறவினா அடங்கியிருக்கின்றது. ஒரு நிலம் எவருக்கு உரியது என்பதை எதனைக் கொண்டு முடிவு செய்வது? பழைய நூலின் சான்று கொண்டா, அங்கு வாழ்வோரின் மொழி கொண்டா, அல்லது அவர்தம் விருப்பம் கொண்டா? இவ்வினாவைச் சித்தூர், திருப்பதிப் பகுதிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

அல்சேஸ் வழக்கு

இவ்வினா முதன்முதலாகக் கூர்மையுடன் வாதிடப்பட்ட இடம் ஐரோப்பா ஆகும். 1861 மார்ச் 17இல் இத்தாலிய முடியரசும் 1871 சனவரி 18இல் ஜெர்மானியப் பேரரசும் அறிவிக்கப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளும் இந்தியத் தேசியவாதிகளை ஆழமாக ஈர்த்தவை. மாஜினி 1831இல் தொடங்கிய 'இளைய இத்தாலி' இயக்கத்தின் உறுதிமொழியைத் தழுவிப் பாரதியார் 'மாஜினியின் பிரதிக்கினை'யைப் பாடினார் என்பது தமிழறிஞர் அறிந்ததே. சிதறிக் கிடந்த சிற்றரசுகள் ஒன்றாயின என்னும் வெற்றிக்கதையே இங்கு வந்து சேர்ந்தது. அவ்வெற்றியால் எழுந்த வழக்குகள் அந்த அளவிற்கு வந்து சேரவில்லை.

1870இல் பிரான்சுடன் நிகழ்ந்த போரில் ஜெர்மானியர் அல்சேஸ் பகுதியைத் தமதெனக் கோரினர். அம்மக்களுள் பெரும்பாலோர் ஜெர்மானிய மொழி பேசுவோர். உரோம வரலாற்றறிஞர் மொம்சன் இக்கோரிக்கையை ஆதரித்து இத்தாலிய மக்களுக்கு மடல்கள் எழுதினார். சிற்றாசுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஃபுஸ்தெல் த கூலாஞ்சு அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அதற்கு மறுமொழி அளித்தார். மொழியும் இனமும் நாட்டை ஆக்குவதில்லை; நினைவுகளையும் நலன்களையும் நம்பிக்கைகளையும் பகிர்ந்துகொண்ட மக்கள் தம்மை ஒரே மக்களாக உணர்வதே நாட்டை ஆக்குகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். 1882இல் பாரிசில் ரெனான் ஆற்றிய சொற்பொழிவு இக்கருத்தையே விரித்து, நாடு என்பது நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இசைவு என்றது.

இவ்வாதத்தில் வரலாற்றின் தீர்ப்பு எளிதன்று. 1874இல் அல்சேஸ், லொரேன் பகுதிகளிலிருந்து ஜெர்மானியப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 15 உறுப்பினர்களின் சார்பில், மக்களைக் கேளாமலே தம் நாடு இணைக்கப்பட்டது என்னும் எதிர்ப்பு அப்பேரவையிலேயே எழுப்பப்பட்டது. ஆகவே ஃபுஸ்தெல் கூறியது மெய்யே எனலாம். ஆயினும் 1681இல் பதினான்காம் லூயி சிற்றாசுபர்க்கைக் கைப்பற்றியபோது அந்நகர மக்களை எவரும் கேட்டிலர். விருப்பம் என்பது பல தலைமுறை ஆட்சியால் விளைவிக்கப்படவும் கூடும். இன்று மக்களின் விருப்பமாகத் தோன்றுவது நேற்றைய வன்முறையின் பழுத்த கனியாக இருக்கலாம் என்னும் ஐயத்தை ஃபுஸ்தெல் எதிர்கொள்ளவில்லை. மக்கள் வாக்கெடுப்பும் இவ்வையத்தைத் தீர்ப்பதில்லை. 1860இல் கவூர் தம் அரசியல் உடன்பாட்டின்படி சவாயையும் நீசு நகரையும் பிரான்சிற்கு விட்டுக்கொடுத்தார்; வாக்கெடுப்பு அதன் பின்னரே நடத்தப்பெற்றது. இத்தாலிய ஒருமைப்பாட்டின் வீரர் கரிபால்டி பிறந்த ஊர் அந்நீசு நகரம். இத்தாலி ஒன்றாகும் ஆண்டிலேயே தாம் பிறந்த மண்ணில் தாம் அயலவராக்கப்பட்டதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை.

சித்தூர்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்ட ஒன்றாகும். அதற்கு முன்னர்ச் சித்தூர் நகரம் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. வடஆர்க்காட்டின் வடபகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் இணைத்து ஆங்கில அரசு இம்மாவட்டத்தை அமைத்தது. வரி வசூலிக்கவும் நிருவாகம் நடத்தவும் வகுக்கப்பட்ட கோடு அது. அதனை வகுத்தோர் மொழியைத் தலையாய அளவுகோலாகக் கொண்டிலர். ஆயின் 42 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கோடு இரு மொழியினங்களின் தாயக எல்லையாக உயர்ந்தது. பொட்டி சிறீராமுலு 1952 அக்டோபர் 19இல் தொடங்கிய உண்ணாநோன்பு டிசம்பர் 15இல் அவருடைய உயிரிழப்பில் முடிந்தது. அடுத்த சில நாள்களிலேயே தனி ஆந்திரம் அமைக்கப்படும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார். ஓர் உயிர் போன பின்னர் விரைந்து எடுக்கப்பட்ட முடிவில் மாவட்டத்தை முழுமையாக மாற்றுவதே எளிய வழியாகத் தோன்றியிருக்க வேண்டும். நிருவாக வசதி என்பது அறக்காரணமாகாது என்பதனை அன்று வலியுறுத்தியவர் ம.பொ.சிவஞானம்.

1946இல் தமிழரசுக் கழகத்தை நிறுவிய ம.பொ.சி. திருத்தணி, புத்தூர், சித்தூர், திருப்பதி முதலிய பகுதிகளைத் தமிழகத்திற்குக் கோரிப் போராடிச் சிறை சென்றார். அவ்வட்டாரத்தில் தமிழ் கற்பித்து மக்களிடையே மொழியுணர்வை வளர்த்த மங்கலங்கிழார், திருத்தணியின் கே.விநாயகம் ஆகியோர் அவருக்குத் துணை நின்றனர். இப்போராட்டத்தில் இருவகை வாதங்கள் பிணைந்திருந்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒன்று, வேங்கடம் தமிழகத்தின் எல்லை என்பதற்கு இலக்கியங்கள் சான்று பகர்கின்றன என்பது. மற்றொன்று, இன்ன ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி என்பது. முதல் வாதம் நிலத்திற்கு உரிமை கோருகின்றது. இரண்டாவது வாதம் மக்களின் பொருட்டுக் கோருகின்றது. இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் திருப்பதியில் இவை பிரிந்துவிடுகின்றன.

திருப்பதியைப் பொறுத்தவரை முதல் வாதம் மிக வலிமையுடையது. திருமலைக் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. ஆழ்வார்கள் திருவேங்கடத்தைத் தமிழில் பாடினர். இன்றும் மார்கழியில் அக்கோயிலில் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவையே ஓதப்படுகின்றது. ஆயினும் அம்மலையிலேயே பதினைந்தாம் நூற்றாண்டில் தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுப் பாதுகாக்கப்பட்டன. பழமையைக் கொண்டு தமிழர் கோருவரேல், தொடர்ச்சியைக் கொண்டு தெலுங்கரும் கோருவர். பழைய நூல்கள் எவர் எங்கு வாழ்ந்தனர் என்பதை உணர்த்தவல்லவை. இன்று அங்கு வாழ்வோர் எவ்வாட்சியின்கீழ் வாழவேண்டும் என்பதை அவை உணர்த்தமாட்டா. சங்கப் பாடல்களே இதற்கு ஒரு குறிப்பைத் தருகின்றன. வேங்கடத்திற்கு அப்பால் உள்ள நாட்டை மாமூலனார் மொழி வேறுபடும் நாடு என்றே சுட்டுகின்றார். பொருள் தேடச் செல்லும் தலைவன் கடக்க வேண்டிய வழியிலுள்ள நாடு அது. பகைவர் நாடு எனவோ மீட்கவேண்டிய நாடு எனவோ அங்கு பேசப்படவில்லை. பாயிரம் கூறும் எல்லையும் வழக்கும் செய்யுளும் ஆராய்வதற்கு இலக்கண நூலார் மேற்கொண்ட எல்லையேயாகும். அதனை ஆட்சி எல்லையாகக் கொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா நமக்குக் கற்பித்த பழக்கம் எனல் மிகையாகாது.

எண்ணும் அலகு

இரண்டாவது வாதமே நிலைபெற்றது. இரு மாநில அரசுகளின் இசைவுடன் நடுவராக அமர்த்தப்பட்ட எச்.வி.படாஸ்கர், கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டு எல்லையை வகுக்கப் பரிந்துரைத்தார். 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன.

மாவட்டத்தை அலகாகக் கொண்டால் ஒரு விடையும், கிராமத்தை அலகாகக் கொண்டால் வேறொரு விடையும் கிடைக்கின்றன. அலகைத் தெரிந்தெடுப்பவரே பாதித் தீர்ப்பை வழங்கிவிடுகின்றார். 1920இல் டென்மார்க்கிற்கும் ஜெர்மனிக்கும் இடைப்பட்ட சுலெசுவிக்கில் நடந்த வாக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கு வடபகுதியின் வாக்குகள் ஒட்டுமொத்தமாக எண்ணப்பட்டன. ஆதலின் ஜெர்மனிக்கு வாக்களித்த தொண்டர் முதலிய நகரங்களும் டென்மார்க்கைச் சேர்ந்தன. அடுத்த பகுதியிலோ ஊர்வாரியாக எண்ணினர். இதனோடு ஒப்பிடுகையில் படாஸ்கர் இரு பக்கத்திற்கும் ஒரே அலகைக் கையாண்டமை நேர்மையான செயலே. தமிழ்ப் பெரும்பான்மை ஊர்களை மீட்ட அதே அளவுகோல் தெலுங்குப் பெரும்பான்மை ஊர்களை விட்டுக்கொடுக்கவும் செய்தது. திருத்தணி மீட்பைப் போற்றும் எழுத்துகள் சத்தியவேட்டை இழப்பாகவே கூறிச் செல்வது முரணாகும்.

ஆயினும் கிராமம் என்னும் அலகும் ஒரு கற்பிதத்தை உட்கொண்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் ஒரே மொழி என்பதே அது. வடவெல்லையில் வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொன்றும் வழங்குவது இயல்பு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய பிறப்பிடம் 1960இல் மாநிலம் மாறியபோது அவர் இந்தியத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். கணக்கெடுப்பின் கட்டத்தில் ஒரு மொழியையே எழுதவேண்டியிருக்கின்றது. வாழ்க்கைக்கு அத்தகைய கட்டம் இல்லை.

எல்லைக்குப் பின்

எத்துணை நேர்மையாக வகுப்பினும் எல்லையின் இருபுறத்தும் சிறுபான்மையினர் எஞ்சியே தீர்வர். உண்மையான அறச்சிக்கல் இங்குத்தான் தொடங்குகின்றது. முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலி பிரென்னர்க் கணவாய் வரையுள்ள தென் திரோலைப் பெற்றது. மொழியின் பெயரால் 'மீட்கப்படாத இத்தாலி'யைக் கோரியவர்கள், ஜெர்மன் பேசும் மக்களைத் தம் ஆட்சிக்குள் கொணர்வதற்கு மலையின் நீர்ப்பிரிமுகட்டைக் காரணம் காட்டினர். பாசிச அரசு 1923 முதல் அங்கு ஜெர்மன் வழிக் கல்வியைத் தடைசெய்தது. மக்கள் மறைவிடங்களில் தம் குழந்தைகளுக்குத் தாய்மொழி கற்பித்தனர். இத்தாலிக்கும் ஆஸ்திரியாவிற்கும் இடையே 1946இல் ஏற்பட்ட உடன்பாடும் 1972ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டமும் எல்லையை நகர்த்தாமலே பள்ளியையும் அலுவலகத்தையும் அம்மக்களுக்குத் திருப்பி அளித்தன. சுலெசுவிக்கிலும் 1955இல் வெளியிடப்பட்ட அறிக்கைகள், ஒருவர் தம்மை எம்மக்களைச் சேர்ந்தவர் என்கின்றாரோ அதனை அரசு ஆராய்தல் ஆகாது என ஏற்றுக்கொண்டன.

இந்திய அரசியலமைப்பிலும் இதற்கு இடமுண்டு. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் 350அ என்னும் உறுப்பைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. மாநிலங்களை மொழிவழிச் சீரமைத்த அதே ஆண்டில் இவ்வுறுப்பு சேர்க்கப்பட்டமை தற்செயலன்று. ஆயின் எல்லைக்குப் போராடிய ஆற்றலில் ஒரு சிறு பங்கேனும் இவ்வுறுப்பின் பொருட்டு எழவில்லை. சித்தூர்ப் பகுதித் தமிழர்க்குத் தமிழ்வழிப் பள்ளிகளும் பாடநூல்களும் வேண்டும் எனக் கேட்கும் தமிழுலகம், திருத்தணி, ஒசூர்ப் பகுதித் தெலுங்கர் அதே உரிமையைக் கேட்கும்போது எவ்வாறு மறுமொழி கூறுகின்றது என்பதே அதன் கோரிக்கையின் நேர்மைக்கு உரைகல். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லா மாணவர்க்கும் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் அதற்கு விலக்கு வேண்டி நீதிமன்றம் சென்றனர். மாநில மொழியைக் கற்பித்தல் முறையே. அதன் பொருட்டுத் தாய்மொழிப் பாடம் மதிப்பிழக்கும் நிலை ஏற்படின், எல்லைக்கு அப்பால் தமிழர் கூறும் குறையையே எல்லைக்கு இப்பால் தமிழர் உண்டாக்கியவராவர்.

மொழி ஒன்றாயின் அரசும் ஒன்றாதல் வேண்டும் என்னும் கோட்பாடு தெலுங்கு நாட்டிலேயே தளர்ந்துவிட்டது. 1956 நவம்பர் 1இல் ஒன்றிணைந்த ஆந்திரப் பிரதேசத்திலிருந்து 2014 சூன் 2இல் தெலங்கானா பிரிந்தது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டமும் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று; 1960இல் தமிழகத்திலிருந்து சென்ற சத்தியவேடு இன்று அதனுள் அடங்குகின்றது. 1911இல் வகுக்கப்பட்டுப் பின்னர்ப் பெரும்போராட்டத்திற்குரிய பொருளான மாவட்டக் கோடு இவ்வாறு ஓர் அரசாணையால் மாறியது. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்றும் சந்திக்கும் குப்பத்தில் 1997இல் ஆந்திர அரசு அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்புடன் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. மாமூலனார் கூறிய மொழி வேறுபடும் நாட்டின் வாயிலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அங்கு ஒரே வளாகத்தில் ஆராயப்படுகின்றன. அதனைச் சூழவுள்ள சிற்றூர்களின் தொடக்கப்பள்ளிகளில் எம்மொழிகள் கற்பிக்கப்படுகின்றன, எவர்தம் குழந்தைகள் எம்மொழியை விட்டு விலகுகின்றனர் என்பதை ஊர்வாரியாக ஆராயும் பணி, படாஸ்கர் ஊர்வாரியாக எண்ணிய அதே பொறுமையுடன் மேற்கொள்ளப்பட வேண்டியதாக உள்ளது.