நாற்றத்தை அறிவது யார்?

பெங்களூருப் பக்கம் பலத்த மழை பெய்தால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வரும் மாநகரக் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் சேர்த்துக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நுரையைப் படம் பிடிக்கலாம். அது செய்தித்தாளில் வரும். கூடவே வரும் துர்நாற்றம் எந்தப் படத்திலும் விழுவதில்லை. கரையோரக் கிராமத்தார் சொல்வதைத் தவிர அதற்குச் சாட்சி கிடையாது. அவர்கள் சொல்லும் சொல்லோ எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வெறும் புகாராக மெலிந்துவிடுகிறது. அப்படியானால் நாற்றத்தை அளக்கும் ஒரு கருவியை அங்கே நிறுத்திவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. மின்னணு மூக்கு என்ற கருவி இருக்கவும் செய்கிறது. ஆனால் அந்தக் கருவி உண்மையில் நாற்றத்தை அறிகிறதா, அல்லது அறிபவர் வேறு யாரோ ஒருவரா என்ற கேள்வியைத் தாண்டி அதை நிறுத்த முடியாது. இது பழைய தத்துவக் கேள்வி. எல்லையோரத்தில் இது நியாயத்தைப் பற்றிய கேள்வியும் ஆகிறது.

கருவியின் வேலை எளிதில் விளங்கக்கூடியது. 1982-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாத்தும் ஜார்ஜ் டாடும் 'நேச்சர்' இதழில் இதன் அடிப்படையை வெளியிட்டார்கள். சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்சைடு போன்ற பொருளின் மீது வாயு படும்போது அதன் மின்தடை மாறுகிறது. ஒரு சென்சாரால் ஒரு மணத்தை இனங்காண முடியாது. பல வாயுக்களுக்கும் அது ஏதோ ஓரளவு அசையும். பல சென்சார்களை அடுக்கி வைத்து, அவை சேர்ந்து காட்டும் கோலத்தைக் கணினி படிக்கும்போதுதான் 'இது இன்ன மணம்' என்ற முடிவு வருகிறது. நம் மூக்கும் ஏறத்தாழ இப்படித்தான் இயங்குகிறது. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. அவை கூட்டாகத் தரும் குறிப்பை மூளை படிக்கிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்ததற்காக லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனம் தேயிலை நொதிக்கும் பக்குவத்தை அறிய இத்தகைய கருவியை உருவாக்கியிருக்கிறது. மாம்பழத்தின் பழுத்த பருவத்தை மணத்தால் பிரித்தறியும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளுக்கு அது நாளை பயன்படக்கூடும்.

மூக்கும் கருவியும் ஒரே முறையில் இயங்குகின்றன என்றால், கருவியும் முகர்கிறது என்று சொல்லிவிடலாமா? தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, எறும்புக்கும் கறையானுக்கும் மூன்றாவது அறிவாக மூக்கறிவைக் கொடுத்தது. எறும்புக்கு உள்ளது கருவிக்கும் உண்டு என்று வாதிடலாம். சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இதற்கு எளிதில் உடன்படமாட்டார். 13-ஆம் நூற்றாண்டில், இதே பெண்ணையாற்றின் கீழ்ப்பகுதியில், திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்தவர் அவர். அவர் இயற்றிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் மூன்றாவது, உடலையே மாயையால் ஆன ஓர் இயந்திரமாகக் கொண்டு, அதற்குள் அறிபவன் ஒருவன் இருப்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. ஆக, மூக்கும் எந்திரம்தானே என்று இன்று அறிவியலின் பெயரால் எழுப்பப்படும் ஆட்சேபம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. அதை ஒப்புக்கொண்டுதான் அவர் வாதத்தையே தொடங்குகிறார்.

அவர் காட்டும் காரணங்களில் சிலவற்றை இன்றைய கருவி நெருங்கிவிட்டது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புலனும் தன் பொருளை மட்டும் அறியும். கண்டதையும் முகர்ந்ததையும் ஒன்றாகச் சேர்த்து அறிபவன் புலன்களுக்கு வேறானவன் என்பது ஒரு காரணம். கேமராவையும் மின்னணு மூக்கையும் ஒரே கணினியில் இணைத்தால் சேர்க்கும் வேலை நடந்துவிடுகிறது. பிறர் உணர்த்தினால் உணர்வது இன்னொரு காரணம். கருவியும் பயிற்றுவித்தால் கற்கிறது. ஆனால் அதற்குக் கற்பிப்பது யார் என்று பார்க்க வேண்டும். தேயிலைக் கருவிக்கு எது நல்ல மணம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற சுவைஞர்கள். ஐரோப்பாவின் நாற்ற அலகு இன்னும் தெளிவான சான்று. காற்று மாதிரியைத் தூய காற்றில் நீர்த்துக்கொண்டே போய், தேர்ந்தெடுத்த மனிதர் குழுவில் பாதிப்பேர் மட்டுமே நாற்றத்தை உணரும் நிலையை ஓர் அலகு என்று வைத்திருக்கிறார்கள். அந்த அலகில் கருவி எண் சொல்ல வேண்டுமானால், முதலில் அதை மனித மூக்கோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கருவியின் அறிவு மனிதரிடம் கடன் வாங்கியது.

ஆயினும் கடன் வாங்கியது என்பதால் மட்டும் அது அறிவில்லை என்றாகாது. நாமும் ஆசிரியரிடம் கற்றவர்களே. மெய்கண்டாரின் மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காட்சியை, அதாவது நேரடியாக அறிவதை, நான்காக வகுத்ததில்தான் உண்மையான எல்லைக்கோடு இருப்பதாகக் கருதுகிறேன். பொறி வழியே வருவது வாயிற்காட்சி. அதை மனம் பற்றி இன்னதென்று தெளிவது மானதக் காட்சி. இன்பமும் துன்பமும் தனக்கே அனுபவமாவது தன்வேதனைக் காட்சி. நான்காவது யோகக் காட்சி. மின்னணு மூக்கு முதல் படியைச் செய்கிறது. இரண்டாவதைப் போன்ற ஒன்றையும் செய்கிறது என்று தாராளமாகவே ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதன் வாசலில் அது நின்றுவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை அது எத்தனை ஆண்டு பதிவு செய்தாலும் அதற்குக் குமட்டாது. சாப்பிட உட்கார்ந்தவர் இலையை விட்டு எழுந்திருக்கும் நிலை அதற்கு நேராது. நாற்றம் ஒரு தீங்கு என்பதே இந்த மூன்றாம் காட்சியால்தான் தெரியவருகிறது.

ஆன்மாவை நம்பாதவருக்கு இந்த வாதம் எதற்கு என்று கேட்கலாம். ஆன்மா இல்லை என்ற பௌத்த மரபின் பெரும் தர்க்கவியலாளர் தர்மகீர்த்தியும் நியாயபிந்துவில் காட்சியை இதே நான்காகத்தான் பகுத்தார். பிற சமயங்களை மறுக்கும் சித்தியாரின் பரபக்கம் பௌத்தரை எதிர்த்து எவ்வளவோ வாதாடுகிறது. துன்பம் தன்னளவில் உணரப்படுவது என்ற இடத்தில் மட்டும் இரு தரப்பும் ஒரே தளத்தில் நிற்கின்றன. அனுபவிப்பவன் நிலையானவனா, கணந்தோறும் மாறும் ஓட்டமா என்பது வேறு வழக்கு.

வலுவான ஆட்சேபம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. மனித மூக்கு நம்பத்தக்கதல்ல என்பார்கள். உண்மைதான். நாற்றத்திலேயே வாழ்பவருக்கு அது பழகிவிடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் முகரும் திறனையே மரக்கச் செய்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவர் எச்சரிக்கை இல்லாமல் மடிவதற்கு அதுவும் ஒரு காரணம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. இத்தகைய இடங்களில் கருவி உயிர்காக்கும் சாதனம். சிப்காட் வளாகங்களில் கழிவுநீர்த் தொட்டி உள்ள ஒவ்வொரு ஆலையிலும் வாயு உணரும் கருவி இருந்தாக வேண்டும். ஆனால் மூக்கு தவறக்கூடும் என்பதிலிருந்து மூக்குடையவரின் சொல்லைத் தள்ளிவிடலாம் என்ற முடிவு வராது. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. அம்மோனியா அவற்றில் ஒன்று. நாற்றம் என்ற இனம் இல்லை. பட்டியலில் உள்ளதை மட்டும் அளக்கும் கருவி, 'அளவுக்குள் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கலாம். அப்போது எண்ணை அறிவு என்றும், ஊராரின் சொல்லை உணர்ச்சி என்றும் பிரிப்பது அளவை நூலுக்கே முரண். தன்வேதனையும் காட்சியின் ஒரு வகை. காட்சியோ பிரமாணம், அறிவுக்கான சான்று.

ஆகவே கெலவரப்பள்ளியில் கருவியை நிறுத்துங்கள். இரு மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும் கருவியாக நிறுத்துங்கள். அதை முதலில் அந்தக் கரையில் வாழ்பவர்களின் மூக்கோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நாற்றம் எழுந்ததாக அவர்கள் சொன்ன நாளும் நேரமும் கருவியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே பதிவேட்டில் ஏற வேண்டும். மக்களுக்கு ஒன்றும் தெரியாதபோது கருவி அபாயம் என்றால் கருவியை நம்ப வேண்டும். கருவி சும்மா இருக்கும்போது மக்கள் நாறுகிறது என்றால் மக்களை நம்பி நீரைச் சோதிக்க வேண்டும்.