பேரமும் கள்ளாமை விரதமும்

நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் பெரிய நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு இடப்படும் வேலைகளுள் ஒன்று, பார்வைக்கு அற்பமானது. ஆயினும் சிராவகரின் விரதத்தைத் தொட்டுச் செல்வது. இரண்டு நிறுவனங்கள் இணைந்தாலோ, ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டாலோ, அதற்காகப் பாடுபட்டோர்க்கெல்லாம் ஒரு நினைவுச் சின்னம் வழங்கும் வழக்கம் உள்ளது. அதனைச் செய்து தருவோரிடம் விலை பேசி முடிப்பதே அவ்வேலை. அவ்வாறு பேசுங்கால் எதுவரை பேரம், எதற்கப்பால் களவு என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவ்வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1933-ஆம் ஆண்டின் பங்குப் பத்திரச் சட்டம், புதிய வெளியீடுகளைப் பற்றிய விளம்பரங்களில் கூறத்தக்கவற்றை மிகவும் சுருக்கிற்று. நிறுவனத்தின் பெயர், தொகை, வெளியீட்டை நடத்துவோர் பெயர் முதலிய சிலவே கட்டத்துக்குள் அச்சிடப்பட்ட விளம்பரம், பார்வைக்குக் கல்லறைக் கல்லைப் போல் இருந்தமையால் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. 1970-களில் அவ்விளம்பரத்தைச் சிறிதாக்கி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டிக்குள் பதித்து மேசைமேல் வைக்கத் தொடங்கினர். பின்னர் விமான நிறுவனமெனில் விமானம், கப்பல் நிறுவனமெனில் கப்பல் என்று உருவங்கள் பெருகின. வென்றதைக் காட்டி மகிழும் மான கஷாயம் இதில் ஓரளவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இங்கே நாம் கருதுவது அச்சின்னத்தைப் பெறுவோரையன்று, செய்து தருவோரையே.

சின்னத்தின் விலை எவ்வாறு அமைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தனி உருவமெனில் தனி அச்சு தேவை. அச்சின் செலவு ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றே. அது 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சின்னங்கள் செய்யும்போது ஒவ்வொன்றின் மேலும் 600 ரூபாய் ஏறும். 60 செய்தால் 200 ரூபாயே ஏறும். பிறகு திரவ அக்ரிலிக்கைப் படலம் படலமாக வார்த்து, நடுவே அச்சிட்ட தாளை வைத்து, காற்றுக் குமிழி தங்காதபடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகவிட்டு, அறுத்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். கண்ணில் படும் ஒரு குமிழி போதும், அச்சின்னம் கழிவாகிவிடும். இவை யாவற்றுக்கும் முன்னதாக ஒரு படம் வரையப்படுகிறது. அப்படத்துக்குப் பெரும்பாலும் தனியே விலை கேட்பதில்லை; வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் வரைந்து தருகின்றனர். குற்றம் நுழையும் வாயில் அதுவே.

நாம் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணியாற்றிய காலத்தில் அவ்வாயில் வழியே நுழைந்தோம் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். ஓர் இணைப்பு முடிந்து 40 சின்னங்கள் தேவைப்பட்டன. மூவரிடம் மாதிரிப் படமும் விலைப்புள்ளியும் கேட்டோம். சிறு பட்டறை வைத்திருந்த ஒருவர் மூன்று முறை திருத்தி வரைந்து தந்த படமே மேலதிகாரிகளுக்குப் பிடித்தது. ஆனால் அவர் சொன்ன விலை சற்றுக் கூடுதல். அப்படத்தை மற்றொருவரிடம் நீட்டி, இதே போன்று குறைந்த விலைக்குச் செய்ய இயலுமா என்று கேட்டோம். இயலும் என்றார், செய்தும் தந்தார். ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் மிச்சமாயிற்று. நமக்குப் பாராட்டும் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து முதலாமவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அந்த வேலை என்ன ஆச்சுங்க?" என்று விசாரித்தார். வேறு விதமாக முடிந்துவிட்டது என்றோம். "சரிங்க ஐயா, அடுத்த தடவை சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் கோபித்திருந்தால் நாம் மறந்திருப்போம்.

கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துக் காட்டுகிறது. பிறரைக் களவுக்குத் தூண்டுதல், களவில் வந்ததை வாங்குதல், அரசின் முறைக்கு மாறாக வாணிகம் செய்தல், அளவையில் ஏற்றிக் குறைத்தல், போலியைக் கலத்தல் என்பன அவை. ஒருவர் வரைந்த படத்தை மற்றொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னது முதலாவது. அவ்வாறு செய்து வந்ததைப் பெற்றுக்கொண்டது இரண்டாவது. நாம் எவர் பெட்டியையும் திறக்கவில்லை. எனினும் இரண்டு அதிசாரங்கள் நேர்ந்துவிட்டன.

"இல்லறத்தார்க்குப் பேரம் இயல்பன்றோ? மேலும் அது நம் பணமன்று; முதலாளியின் பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது ஊழியரின் கடமையன்றோ?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மூவரிடம் விலை கேட்பதில் பழுதில்லை. "எம்மிடம் உள்ள தொகை இவ்வளவே, இதற்குள் எதைச் செய்து தர முடியும்?" என்று கேட்பதிலும் பழுதில்லை. அங்கே இருவர் மனமும் இசைகின்றன. ஆனால் வராத விலைப்புள்ளியை வந்ததாகக் கூறி விலையை இறக்குவது பொய். "அடுத்த ஒப்பந்தம் உமக்கே" என்று எண்ணமில்லாமல் ஆசை காட்டுவதும் பொய். முதலாளிக்காகச் செய்தோம் என்பதால் அவ்வினை முதலாளியின் கணக்கில் ஏறாது; மனத்தாலும் சொல்லாலும் செயலாலும் செய்தவர் எவரோ அவர் ஆன்மாவையே வினை பற்றும்.

விலை முடிந்த பின்னும் பேரம் தொடர்வதுண்டு. பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, பிறகு குறைத்துக் கொடுப்பர். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில் செய்வோர்க்குரிய பணத்தை, உடன்பாடு எவ்வாறிருப்பினும், பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாள்களுக்குள் தந்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் கூட்டு வட்டியும் உண்டு. ஆயினும் அடுத்த வேலை வராதோ என்னும் அச்சத்தால் சிறு பட்டறைக்காரர் அவ்வட்டியைக் கேட்கத் தயங்குவார். அத்தயக்கத்தை அறிந்தே தாமதிப்பது மூன்றாம் அதிசாரத்தில் அடங்கும் என்றே கருதுகிறோம்.

அங்ஙனமாயின் செலவைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. அதனையும் நம் அறமே காட்டுகிறது. பரிக்கிரக பரிமாணம் என்பது பிறர் பொருளுக்கு எல்லை கட்டுவதன்று; தன் வேட்கைக்கு எல்லை கட்டுவது. தனி அச்சு வேண்டாமெனில், பட்டறையில் ஏற்கெனவே உள்ள அச்சிலேயே வார்க்கச் சொல்லலாம். நான்கு நிறத்துக்குப் பதில் ஒரு நிறம் போதும். உண்மையாக உழைத்தோர்க்கு மட்டும் என்று எண்ணிக்கையை அளவிடலாம். ஒப்பந்தம் முடியும் தறுவாயிலேயே சொல்லிவிட்டால் இரவு வேலைக்கான கூடுதல் கூலி இராது. இவற்றால் குறைவது நம் ஆடம்பரம். பேரத்தால் குறைவது பெரும்பாலும் மெருகேற்றுபவரின் கூலி. எவர் படத்தைப் பயன்படுத்துகிறோமோ, வேலை அவருக்குப் போகாவிடினும் படத்துக்குரிய தொகையைக் கொடுத்துவிடுவதே முறை.

இது நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. நம் ஜினாலய விழாக்களில் வழங்கும் நினைவுக் கேடயத்துக்கும், திருமண அழைப்பிதழுக்கும் நாம் படம் கேட்கிறோம்; பேரம் பேசுகிறோம்.

சில ஆண்டுகள் கழித்து அப்பட்டறை இருந்த தெருவுக்குச் சென்றோம். அங்கே வேறு கடை இருந்தது. அவர் தொழில் நின்றதற்கு நாமே காரணம் என்று கூறமாட்டோம். அதை அறிய வழியில்லை. படத்துக்குரிய தொகை மட்டும் இன்றும் நம்மிடமே உள்ளது. பிரதிக்கிரமணத்தில் நினைந்து வருந்தலாம். பெற்றுக்கொள்ள வேண்டியவர் எதிரில் இல்லை. இளைஞர்களே, உங்களுக்கு உரியவர் இன்னும் எதிரில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.