உறக்கமும் ஒரு ரஹ்மத்



உஹதுப் போர்க்களத்தில் முஸ்லிம்கள் பட்ட துயரம் நாம் அறிந்ததே. அத்துயரத்திற்குப் பின் அல்லாஹு தஆலா அவர்களுக்கு இறக்கியருளியது எது? பொருளன்று, ஆயுதமன்று; அபயமளிக்கும் சிற்றுறக்கம். ஆலு இம்ரான் அத்தியாயம் இதைச் சொல்கிறது. போர் கண்டவனுக்கு உறக்கம் எத்தனை பெரிய ரஹ்மத் என்பதை, அதை இழந்தவனின் வீட்டார்தாம் அறிவர்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை முதல் பூந்தமல்லி, ஆவடி வரை வாழும் நமக்குப் படை புதிதல்ல. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் மத்திய ரிசர்வ் போலீஸ் முகாமும் இருக்கின்றன. பணி முடித்த படைவீரர் குடும்பங்கள் நம் தெருக்களிலும் உண்டு. 1965-ல் அசல் உத்தரில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் பெயரை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் உயிரோடு திரும்பி வந்தவரை? 1987 முதல் 1990 வரை இலங்கை சென்ற அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்ணிவெடியில் தோழன் சிதறக் கண்டு திரும்பியவர்களைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

பட்டாசு வெடித்தால் நடுங்குவார். நள்ளிரவில் அலறி எழுவார். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார். காரணமின்றிப் பிள்ளைகள்மீது பாய்வார். முதல் உலகப் போரின்போது இதைக் குண்டதிர்ச்சி நோய் என்றார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தினர். நம் வீடுகளிலோ, "ஜின் பிடித்துவிட்டது", "ஈமான் பலவீனம்" என்கிறோம்! தாயத்துக்கு அலைந்தே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஈமான் பலவீனமா? ஹம்ஸா (ரலி) அவர்களை உஹதில் கொன்ற வஹ்ஷி பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. ஆயினும், உம் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்று அவரிடம் கேட்டார்கள். சிலர் இதைக் கோபம் என்று விளக்குவர். எமக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு முகத்தைக் கண்டதும் பழைய துயரம் அப்படியே எழுந்து நிற்கும் என்பதை அந்தக் கருணை நபி மறைக்கவில்லை, அவ்வளவே. அவர்களுக்கே அப்படியெனில், நம் வீட்டு ஹவில்தாரை ஏசுவதற்கு நாம் யார்?

ஒரு பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழரின் பொருளை மற்றொருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தாய்மார்களே, இதை நன்கு கவனியுங்கள். அத்தாவை எழுப்பப் பிள்ளைகளைத் தொட்டு உலுக்கச் சொல்லாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று மெல்லக் கூப்பிடச் சொல்லுங்கள். நிக்காஹ் வீட்டில் வெடி வேண்டாம். அது வீண்விரயம் என்பது வேறு விஷயம்!

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். ஜும்ஆவில் இவர் கடைசி வரிசையில், வாசலருகே நின்றால் முன்னே வரும்படி இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் இருப்பதைச் சகிக்க முடியாதவர் அவர். அச்சமும் நோயும் ஜமாஅத்துக்கு வராதிருக்கத் தக்க காரணங்கள் என ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

உறக்கத்திற்காகக் கான்டீன் மதுவைத் தேடியவரும் உண்டு. மது ஹராம், அதோடு அது தரும் உறக்கமும் கெட்ட உறக்கம், நோயை முற்றவே செய்யும். ஆனால் அவரை ஊர் விலக்கம் செய்தால் குடியும் போகாது, நோயும் போகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி.

எங்கே செல்வது? மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போகலாம். 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் உறுப்பினரானோர் மனைவிக்கும் சேர்த்து வைத்தியம் பெறலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794 முதல் இருந்து வருகிறது. அந்த ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கிய பாவம் நம்முடையது. அங்கே செல்ல வெட்கப்பட்டே பலர் வீட்டுக்குள் மடிகின்றனர்.

மருந்து தொடங்கியபின் ரமலான் வந்தால், நோன்புக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் சீறும். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் வேளை மாற்ற முடியுமா என்று மருத்துவரை முன்கூட்டியே கேளுங்கள். முடியாதென்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது பள்ளிவாசல் இமாமின் வேலை. பெரும்பாலும் அவர் சொன்னால்தான் இவர் கேட்பார்.