ஏற்றுக்கொண்டவன் கடமை



அமெரிக்க தேசத்தில், ஓநாயையும் நாயையும் கலந்து பிறப்பித்த குட்டிகளைச் சிலர் ஆசையாய் வாங்குகிறார்கள். குட்டி வளர்ந்ததும் வேலி தாண்டும், மண்ணைத் தோண்டும், உடனே கைவிடுகிறார்கள். மனிதரை அண்டி வளர்ந்த அதற்குக் காட்டிலும் பிழைப்பில்லை.

கொலராடோ மலைநாட்டில் 1988-ல் தோன்றிய ‘மிஷன் உல்ஃப்’ என்னும் புகலிடம் இத்தகைய பிராணிகளைச் சாகுமட்டும் காப்பாற்றி வருகிறது. கூலி வாங்காத தொண்டர்கள் இறைச்சி அறுத்துப் போட்டு, தண்ணீர் வைத்து, வேலியைச் செப்பனிடுகிறார்கள். அவற்றைப் பிறப்பித்தவர்கள் இவர்களல்ல. பாரத்தைச் சுமப்பவர்கள் இவர்களே.

சர்வேசுரன் சிருஷ்டிகள்மேல் நமக்கு அதிகாரம் தந்தது விளையாடவல்ல, விசாரிக்கவே. வாயில்லாச் சீவனுக்கே இவ்வளவு கடன்பட்டிருந்தால், நம்மை நம்பி வீட்டு மூலையில் கிடக்கும் வயோதிபருக்கு எவ்வளவு! இன்றிரவு ஆத்தும சோதனையில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.